இன்ட் எத்தனை பைட், பாஸ்?

வைவா நடக்குது. எக்ஸ்டர்னல் உங்க ரெக்கார்டு நோட்டைப் புரட்டிக்கிட்டே, முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காம ஒரு கேள்வி கேட்கிறார். "சி-யில இன்ட் எத்தனை பைட்?"

நீங்க என்ன சொல்வீங்க? "ரெண்டு"ன்னு சொன்னா நீங்க டர்போ சி பார்ட்டி. "நாலு"ன்னு சொன்னா ஜிசிசி பார்ட்டி. "எந்த கம்பைலர், எந்த மெஷின் சார்?"னு திருப்பிக் கேட்டா... அவர் நல்ல மூட்ல இருந்தா ஃபுல் மார்க். இல்லேன்னா "ரொம்பப் பேசாதப்பா, அடுத்த ஆளை வரச் சொல்லு!"

ஆனா பாஸ், அந்த மூணாவது பதில்தான் சரி. சி மொழியோட ஸ்டாண்டர்டு, இன்ட்டுக்கு இத்தனை பைட்டுன்னு எங்கயும் அடிச்சுச் சொல்லலை. குறைஞ்சது 16 பிட் இருக்கணும், லாங்குக்குக் குறைஞ்சது 32 பிட் இருக்கணும், அவ்வளவுதான். மிச்சத்தை மெஷினும் கம்பைலரும் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் பேசி முடிவு பண்ணிக்கும். நம்ம ஊர்ப் பசங்க பாதிப் பேர் கையில இருக்கற பாலகுருசாமி புத்தகத்தை எடுத்துப் பாருங்க. டைப், சைஸ், ரேஞ்சுன்னு அட்டவணை இருக்கும். அதோட தலைப்புலயே '16 பிட் மெஷின்ல'ன்னு போட்டிருக்கும். நாம அட்டவணையை மனப்பாடம் பண்ணுவோம். தலைப்பை யார் படிச்சா?

டர்போ சி-யில ஃபேக்டோரியல் போட்டவங்க எல்லாரும் இந்தப் பல்பை ஒரு தடவை வாங்கியிருப்பீங்க. 7 வரைக்கும் சமர்த்தா 5040 வரும். 8 குடுத்தா 40320 வரணும். ஸ்க்ரீன்ல மைனஸ் 25216 வரும். இன்ட்டுக்கு அங்க உச்சவரம்பு 32767. அதைத் தாண்டினா மைனஸ் பக்கமா சுத்திக்கிட்டு வந்துடும். லேப் அசிஸ்டென்ட், "லாங் போடு, சரியாயிடும்"னுவார். போடுவோம். சரியாயிடும். அங்கதான் வினை ஆரம்பிக்குது.

(ஒரு சின்ன அறிவிப்பு. சி கோடை அப்படியே அச்சடிச்சா பக்கம் முழுக்கக் குறியீடா இருக்கும். அதனால லேப்ல பக்கத்து சிஸ்டத்துக்காரனுக்குக் கத்திச் சொல்வோமே, "பர்சன்ட் டி போடுடா"ன்னு, அதே மாதிரி எழுதறேன்.)

இது வெறும் வைவா மேட்டர்னா இந்த வாரம் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ராஜபாளையத்துல ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். முடிஞ்சு வெளிய வந்து டீ சொல்லிட்டு நிக்கறப்போ ஒரு தம்பி வந்தான். சோழபுரம் அவனுக்கு. ஃபைனல் இயர். "அண்ணா, ஒரு டவுட்"னான். அந்த டவுட் முடியறதுக்குள்ள மூணு டீ.

சத்திரப்பட்டி தெரியுமில்லையா? ராஜபாளையத்துக்குப் பக்கம். ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டற பேண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர். அங்க ஒரு பேண்டேஜ் யூனிட்ல வருஷக் கணக்கு போட நம்ம தம்பி ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கான். புராஜெக்ட்டும் ஆச்சு, அண்ணாச்சிக்கு உதவியும் ஆச்சு. "ஏன் எக்ஸெல்ல போடலை?"ன்னு கேட்காதீங்க. நானும் கேட்டேன். "புராஜெக்ட் ரிவ்யூல எக்ஸெல்லைக் காட்டினா ஒத்துக்குவாங்களாண்ணா?"ன்னான். வாயை மூடிக்கிட்டேன்.

ஒரு விஷயத்துல தம்பி கில்லாடி. பணத்தை ஃப்ளோட்ல வைக்கலை. ஃப்ளோட்டுக்குப் பத்து காசுங்கறதைத் துல்லியமா வெச்சுக்கவே தெரியாது. கூட்டக் கூட்டக் காசு நழுவும். அதனால எல்லாத் தொகையையும் காசாவே மாத்தி, லாங்குல வெச்சிருக்கான். பிரின்ட் பண்றப்போ நூறால வகுத்தா ரூபாய், மீதி காசு. பர்சன்ட் எல் டி, ஒரு புள்ளி, பர்சன்ட் சைபர் ரெண்டு எல் டி. சுத்தமான வேலை.

காலேஜ் லேப்ல லினக்ஸ், 64 பிட். அங்க அஞ்சு கோடி ரூபாய் வரைக்கும் போட்டுப் பார்த்து டெஸ்ட் பண்ணியிருக்கான். பக்கா. அப்புறம் அண்ணாச்சியோட ஆபீஸ் கம்ப்யூட்டர்ல, அதாவது விண்டோஸ்ல, கோட்பிளாக்ஸ் போட்டு, கூடவே வர்ற 32 பிட் மின்ஜிடபிள்யூ கம்பைலர்ல ஏத்திக் கொடுத்திருக்கான். ஏப்ரல்ல ஆரம்பிச்ச கணக்கு பத்து மாசம் ஒரு குறையும் இல்லாம ஓடியிருக்கு.

பிப்ரவரியில ஒரு நாள் சாயங்காலம் மொத்த வரவு 2 கோடியே 15 லட்சத்து 20 ஆயிரத்து 310 ரூபாய் 50 காசுன்னு வரணும். ஸ்க்ரீன்ல வந்தது: மைனஸ் 21429362, புள்ளி, மைனஸ் 46. ஒரே தொகையில ரெண்டு மைனஸ்! அண்ணாச்சி கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுப் பார்த்துட்டு, "ஏம்ப்பா, காசுக்குத் தனியா நஷ்டமா?"ன்னு கேட்டாராம்.

என்ன நடந்துச்சுன்னா... விண்டோஸ்ல லாங் நாலே பைட். 32 பிட் விண்டோஸ்ல மட்டுமில்லை, 64 பிட் விண்டோஸ்லயும் நாலுதான். 64 பிட் லினக்ஸ்லயும் மேக்லயும் லாங் எட்டு பைட். இன்ட் எல்லாத்துலயும் நாலு. லாங் லாங் எல்லாத்துலயும் எட்டு. நடுவுல நிக்கற லாங்தான் ஊருக்கு ஊர் மாறுது. நாலு பைட்டோட உச்சவரம்பு 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. காசுக் கணக்குல அது வெறும் 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 காசு. ஒரு பேண்டேஜ் யூனிட்டோட வருஷ வியாபாரம் இதைத் தாண்டறது பெரிய விஷயமா என்ன?

மைக்ரோசாஃப்ட் ஏன் இப்படிப் பண்ணுச்சுன்னா, அதுக்கும் நியாயம் இருக்கு. லாங்னா நாலு பைட்டுன்னு நம்பி எழுதின பழைய விண்டோஸ் புரோகிராம்கள் உலகம் பூரா கிடக்கு. எட்டாக்கினா அதெல்லாம் படுத்துடும். யுனிக்ஸ்காரங்க, பாயின்டர் எட்டுன்னா லாங்கும் எட்டா இருக்கட்டும்னு வேற வழி போனாங்க. ரெண்டு பேர் மேலயும் தப்பில்லை. ரெண்டு பேருக்கும் ஒரே கோடு ஓடும்னு நினைச்சதுதான் தப்பு.

இது இன்னிக்கு நேத்து வந்த தகராறும் இல்லை. 1978-ல கெர்னிகனும் ரிட்சியும் எழுதின சி புத்தகத்தோட முதல் பதிப்புலயே ஒரு குட்டி அட்டவணை இருக்கு. பிடிபி-11 மெஷின்ல இன்ட் 16 பிட். ஐபிஎம் 370-ல 32. ஹனிவெல் 6000-ல 36 பிட்! அந்த ஹனிவெல்ல ஒரு கேரக்டரே 9 பிட். மொழியைக் கண்டுபிடிச்சவரே சைஸ் மாறும்னு அப்பவே எழுதி வெச்சுட்டார். நாமதான் 'ரெண்டு பைட்'னு பச்சை குத்திக்கிட்டோம்.

தம்பிக்கு ரயிலை வெச்சுச் சொன்னேன். ராஜபாளையம் வழியாப் போற விருதுநகர் - செங்கோட்டை பாதை 2004-ல மீட்டர் கேஜ்ல இருந்து பிராட் கேஜ் ஆச்சு. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் புனலூர் மலைப்பாதையில 2010 வரைக்கும் மீட்டர் கேஜ்தான் ஓடுச்சு. இந்தப் பக்கம் 1676 மில்லிமீட்டர், அந்தப் பக்கம் 1000. ரெண்டுக்கும் பேர் ரயில்தான். ஆனா செங்கோட்டையில இறங்கி மாறித்தான் ஆகணும். லாங்கும் அதே கதைதான், பேர் ஒண்ணு, அகலம் வேற. "எங்க தாத்தா அதுல போயிருக்காருண்ணா"ன்னான். ரெண்டாவது டீ வந்துச்சு.

சரி, மைனஸ் வந்தாச்சு, தம்பி என்ன பண்ணான்? இங்கதான் கவனிக்கணும். மைனஸ் வந்ததைவிட மோசமானது இதுக்கு அப்புறம்தான் நடந்துச்சு.

லாங்கை எல்லாம் லாங் லாங் ஆக்கிட்டான். ஃபைண்ட், ரீப்ளேஸ், ரெண்டு நிமிஷம். ஆனா பிரின்ட்எஃப்ல இருந்த பர்சன்ட் எல் டி-யைத் தொடலை. ஓட்டிப் பார்த்தா 21520310 புள்ளி 00. மைனஸ் போயிடுச்சு. ரூபாய் சரியா இருக்கு. சந்தோஷமா வீட்டுக்குப் போயிட்டான்.

அம்பது காசு எங்க?

பிரின்ட்எஃப் ஒரு விசித்திரமான ஃபங்ஷன். நாம என்ன டைப் அனுப்பறோம்னு அதுக்குத் தெரியாது. மேற்கோள் குறிக்குள்ள நாம எழுதற பர்சன்ட் சமாச்சாரத்தை நம்பித்தான் அது கையை நீட்டி எடுக்கும். 32 பிட் புரோகிராம்ல நாம அனுப்பற மதிப்பெல்லாம் ஸ்டாக்குல நாலு நாலு பைட் கட்டங்களா வரிசையா நிக்கும். லாங் லாங்குக்கு ரெண்டு கட்டம். தம்பி அனுப்பினது ரூபாய் ஒண்ணு, காசு ஒண்ணு, ஆக நாலு கட்டம்: 21520310, 0, 50, 0. பர்சன்ட் எல் டி அங்க நாலு பைட்டைத்தான் எடுக்கும். முதல் எல் டி முதல் கட்டத்தை எடுத்துச்சு, 21520310. ரெண்டாவது எல் டி அடுத்த கட்டத்தை எடுத்துச்சு. அது காசு இல்லை, ரூபாயோட மேல் பாதி. பூஜ்யம். மூணாவது கட்டத்துல நிஜமான 50 உட்கார்ந்திருக்கு, அதைக் கூப்பிட ஆளே இல்லை!

ஆக, எந்த பில்லா இருந்தாலும் காசு 00. சேர்த்து வைக்கற தொகை சரியா இருக்கு, காட்டற தொகைதான் தப்பு. பில் 4,312 ரூபாய் 50 காசுன்னா ஸ்க்ரீன்ல 4312.00. இதே மாதிரி பத்து பில் இருந்தா, ஸ்க்ரீன்ல தெரியறதைக் கால்குலேட்டர்ல கூட்டினா 43,120. அடியில புரோகிராம் போடற மொத்தம் 43,125. அஞ்சு ரூபாய் இடிக்குது.

அஞ்சு ரூபாய்தானேன்னு நினைக்காதீங்க. தினமும் இடிச்சா? கணக்குப் பார்க்கறவர் ரொம்பக் கறாரான ஆள். கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுங்கறது அவரோட அசைக்க முடியாத நம்பிக்கை. அப்ப தப்பு பண்ணினது மனுஷங்கதானே? பில் போடற அக்காவைக் கூப்பிட்டு, சில்லறையை எங்க வெக்கறேன்னு கேட்டுட்டார். பல வருஷமா அங்க வேலை பார்க்கறவங்க. ரெண்டு நாள் அந்த ஆபீஸ்ல யாரும் அவங்ககிட்ட சரியாப் பேசலை. மூணாவது நாள் அவங்களே பில் புக்கோட கார்பன் காப்பியைக் கொண்டு வந்து மேஜையில போட்டு, "என் கையெழுத்துல அம்பது காசு இருக்கு. உங்க மெஷின்ல ஏன் இல்லை?"ன்னு கேட்டிருக்காங்க.

இதைச் சொல்றப்போ தம்பி டீயைக் குடிக்கவே இல்லை. கிளாஸைப் பார்த்துக்கிட்டே இருந்தான்.

கேளுங்க, இதே தப்பான புரோகிராம் அவனோட காலேஜ் லேப்ல கரெக்டா ஓடுச்சு! 64 பிட் லினக்ஸ்ல லாங்கும் எட்டு, லாங் லாங்கும் எட்டு. பொருந்திப் போயிடுச்சு. அதிர்ஷ்டம். கம்ப்யூட்டர்ல அதிர்ஷ்டத்தை விட அபாயமான சமாச்சாரம் கிடையாது. தப்புன்னா தப்புன்னு முகத்துல அடிக்கணும். 13-க்கு ஃபேக்டோரியல் போட்டுப் பாருங்களேன். வர வேண்டியது 6227020800. நாலு பைட்ல 1932053504 வரும். மைனஸ் இல்லை, பார்க்க லட்சணமா இருக்கும், முழுக்கத் தப்பு. யாருக்கு சந்தேகம் வரும்?

அப்புறம் தம்பி யாரோ சொன்னாங்கன்னு கம்பைலர்ல எச்சரிக்கைகளை முழுசாக் காட்டுற 'வால்' ஆப்ஷனைப் போட்டிருக்கான். நாற்பத்துச் சொச்சம் வார்னிங். பர்சன்ட் எல் டி-க்கு லாங் வேணும், நீ குடுத்தது லாங் லாங்னு அத்தனையும் வரி நம்பரோட சொல்லுது. முதல் நாள்ல இருந்தே சொல்லத் தயாரா இருந்துச்சு, இவன்தான் கேட்கலை. சரின்னு எல் எல் டி-ன்னு மாத்தினா, அந்த மின்ஜிடபிள்யூ அதுக்கும் வார்னிங் குடுக்குது! காரணம், விண்டோஸோட பழைய சி லைப்ரரிக்கு எல் எல் டி-ங்கற பேச்சு பழக்கமில்லை. அதுக்குத் தெரிஞ்ச பாஷை பர்சன்ட் ஐ 64 டி. கோட்ஃபோர்சஸ்ல கணக்கு போட்டவங்களுக்கு ஞாபகம் இருக்கும், 'எல் எல் டி வேண்டாம், ஐ 64 டி போடு'ன்னு பழைய கேள்விகளோட அடியில எழுதியிருப்பாங்க. அந்தத் தொல்லைதான் இது.

ஐ 64 டி போட்டான். விண்டோஸ் சமாதானம். அதே ஃபைலை லேப்ல லினக்ஸ்ல ஓட்டினா, தொகை ஸ்க்ரீனோட வலது பக்கத்துல எங்கயோ ஓடிப் போய் நிக்குது. ஏன் தெரியுமா? லினக்ஸோட லைப்ரரியில 'ஐ'-ன்னா உள்ளூர் மொழி இலக்கங்கள்ல அச்சடின்னு அர்த்தம். '64'-ன்னா 64 கட்டம் அகலம். 'டி'-ன்னா சாதா இன்ட். ஒரே வார்த்தை, ரெண்டு ஊர்ல ரெண்டு அர்த்தம். மதுரையில 'எடுத்துட்டு வா'ன்னதை வேற ஊர்ல வேற மாதிரி புரிஞ்சுக்கிட்ட கதை.

"இப்ப என்னண்ணா பண்றது? விண்டோஸுக்கு ஒண்ணு, லினக்ஸுக்கு ஒண்ணுன்னு ரெண்டு காப்பி வெச்சுக்கட்டுமா?"ன்னான். அய்யோ, வேண்டவே வேண்டாம்!

வழி 1999-லயே வந்தாச்சு. சி99 ஸ்டாண்டர்டுல ரெண்டு ஹெடர் ஃபைல் குடுத்தாங்க: எஸ்டிடிஇன்ட், இன்ட்டைப்ஸ். முதல்ல இருக்கறது அகலத்தைப் பேர்லயே சொல்ற டைப்கள். இன்ட்32_டி-ன்னா எங்க போனாலும் 32 பிட். இன்ட்64_டி-ன்னா எங்க போனாலும் 64. லாங்கா, லாங் லாங்கான்னு உள்ளுக்குள்ள அந்தந்த சிஸ்டம் பார்த்துக்கும். ரெண்டாவது ஹெடர்ல அதை அச்சடிக்கற மந்திரம்: பி.ஆர்.ஐ.டி.64. எல்லாம் கேபிடல் லெட்டர், அந்தக் குட்டி 'டி' மட்டும் ஸ்மால் லெட்டர். இது ஒரு மேக்ரோ. 64 பிட் லினக்ஸ்ல இது 'எல் டி'யா விரியும். மேக்ல 'எல் எல் டி'. தம்பியோட மின்ஜிடபிள்யூவில 'ஐ 64 டி'. தம்பி கையால மாத்தி மாத்தி எழுதினதை இது தானாப் பண்ணும்.

எழுதற விதம்தான் முதல்ல கொஞ்சம் கோணலாத் தெரியும். பர்சன்ட் போட்ட உடனே மேற்கோளை மூடணும். வெளிய வந்து மேக்ரோ பேர். திரும்ப மேற்கோள் திறந்து மிச்ச எழுத்து. சி-யில பக்கத்துல பக்கத்துல இருக்கற ரெண்டு மேற்கோள் வாசகத்தைக் கம்பைலர் தானே ஒட்டிடும், அதை நம்பித்தான் இந்த ஏற்பாடு. பர்சன்ட் குறி மேக்ரோவுக்குள்ள கிடையாது, நாமதான் போடணும். ஏன்னா அதுக்கு நடுவுல 'சைபர் ரெண்டு' மாதிரி அகலம் போட இடம் வேணும். நிறையப் பேர் பர்சன்ட்டை மறந்துட்டு, நம்பர் வர வேண்டிய இடத்துல வெறும் 'எல் டி'-ன்னு எழுத்து வருதேன்னு முழிப்பாங்க.

பார்க்க அழகா இருக்கான்னா, இல்லை. அசிங்கமாத்தான் இருக்கு. சி23 ஸ்டாண்டர்டுல பர்சன்ட் டபிள்யூ 64 டி-ன்னு நேரா எழுதற வசதி வந்திருக்கு, ஆனா எல்லா லைப்ரரியும் அதைக் கத்துக்கிட்டப்புறம்தான் நம்பிப் போடலாம். அதுவரைக்கும் அசிங்கமே மேல்.

மைக்ரோசாஃப்ட் விஷுவல் ஸ்டுடியோ ஆளுங்களுக்கு ஒரு குறிப்பு. அதுல எஸ்டிடிஇன்ட் 2010 பதிப்புல வந்துச்சு, இன்ட்டைப்ஸ் 2013-ல. சைஸ்ஆஃப் குடுக்கற மதிப்பை அச்சடிக்கற பர்சன்ட் இசட் யூ 2015-ல. அதைவிடப் பழைய சிடி யார்கிட்டயாவது வாங்கிப் போட்டிருந்தா, இந்த வசதி இல்லைன்னு என்னைத் திட்டாதீங்க.

ஸ்கேன்எஃப்பை மறந்துடாதீங்க. பிரின்ட்எஃப் தப்பாச் சொல்லும், அவ்வளவுதான். ஸ்கேன்எஃப் தப்பா எழுதும். நாலு பைட் இன்ட்டோட முகவரியைக் குடுத்துட்டு, பர்சன்ட் எல் டி-ன்னு சொன்னா, 64 பிட் லினக்ஸ்ல அது எட்டு பைட் எழுதிட்டுப் போயிடும். மிச்ச நாலு பைட் பக்கத்து வேரியபிளோட வீட்டுக்குள்ள. அப்புறம் சம்பந்தமே இல்லாத இடத்துல புரோகிராம் செத்துப் போகும், நீங்க ராத்திரி பூரா வேற எங்கயோ தேடுவீங்க. இதுக்குன்னே எஸ்.சி.என்.டி.64-ன்னு தனி மேக்ரோ இருக்கு. பிரின்ட்டுக்கு பி.ஆர்.ஐ, ஸ்கேனுக்கு எஸ்.சி.என்.

தம்பியோட புரோகிராம்ல இன்னொரு கண்ணிவெடியும் இருந்துச்சு, வெடிக்கலை, அவ்வளவுதான். பில் விவரத்தை ஒரு ஸ்ட்ரக்சர்ல வெச்சு, எஃப்ரைட் போட்டு அப்படியே ஃபைல்ல தள்ளியிருந்தான். லினக்ஸ்ல லாங் எட்டு பைட்டா இருந்தப்போ எழுதின ஃபைலை, பென் டிரைவ்ல கொண்டுபோய் விண்டோஸ்ல நாலு பைட்டாப் படிச்சா ரெக்கார்டெல்லாம் நகர்ந்து உட்காரும். இன்ட்64_டி போட்டா பாதிப் பிரச்சினை தீரும். ஆனா ஸ்ட்ரக்சர் நடுவுல கம்பைலர் விடற காலி இடம் இன்னும் மாறலாம். என் கட்சி, இந்த மாதிரி சின்னக் கணக்குக்கு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் போதும். வரிக்கு ஒரு பில், நடுவுல கமா. நோட்பேட்ல திறந்து கண்ணால பார்க்கலாம். அந்த அக்காவே பார்க்கலாம்.

64 பிட்டும் ஒரு நாள் நிரம்பிடாதான்னு கேட்டான். நல்ல கேள்வி. அதுல காசாவே வெச்சாலும் 92 ஆயிரம் லட்சம் கோடி ரூபாய்க்கு மேல தாங்கும். மத்திய அரசோட 2025-26 பட்ஜெட்டே சுமார் 50 லட்சம் கோடிதான். அப்படி ஆயிரத்து எண்ணூறு பட்ஜெட் தாங்கும். அண்ணாச்சி பேண்டேஜ் வித்து அந்த அளவைத் தொட்டா அப்ப யோசிச்சுக்கலாம்.

ஆனா எல்லாரும் 64-க்கு மாறலை. 1970 ஜனவரி 1-ல இருந்து நொடிகளை 32 பிட்ல எண்ணிக்கிட்டிருக்கற மெஷின்கள் இன்னும் இருக்கு. அதுங்களுக்கு நம்ம நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிஷம் 7 நொடியோட எண் தீர்ந்து போகுது. அடுத்த நொடி 1901-க்குப் போயிடும். அன்னிக்கு நீங்க முப்பதைத் தாண்டி, எங்கயாவது இதைச் சரி பண்ற சீட்ல உட்கார்ந்திருப்பீங்க. தம்பிக்கு நடந்ததேதான், அளவுதான் பெரிசு.

வார்னிங் பத்தி ஒரு பழைய கதை. 1970-கள்ல பெல் லேப்ஸ்ல யுனிக்ஸை 16 பிட் பிடிபி-11-ல இருந்து இன்டர்டேட்டா 8/32-ங்கற 32 பிட் மெஷினுக்குக் கொண்டு போனாங்க. அந்த மாதிரி வேலையில ஒரு ஊர்ல ஓடினது இன்னொரு ஊர்ல படுக்கறதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஸ்டீஃபன் ஜான்சன் 'லின்ட்'னு ஒரு டூல் எழுதினார். துணியில ஒட்டியிருக்கற பஞ்சுத் தூசுக்கு லின்ட்னு பேர். மில் ஊர்க்காரங்களுக்கு விளக்கவே வேண்டாம். கோடுல ஒட்டியிருக்கற தூசைப் பொறுக்கிக் காட்டுற டூல். நம்ம கம்பைலர்ல வர்ற வார்னிங்கெல்லாம் அந்தப் பரம்பரைதான். அதனால 'வால்' ஆப்ஷனை முதல் நாள்லயே போடுங்க. நாற்பது வார்னிங்கை ஒரே நாள்ல பார்த்தா எரிச்சல் வரும். ஒண்ணு வர்றப்பவே பார்த்தா ஒரு நிமிஷம். இன்னொண்ணு: வார்னிங்கை அமுக்கறதுக்காக, இன்ட்டுனு காஸ்ட் பண்ணிடாதீங்க. அது சத்தத்தை நிறுத்தும், தப்பை நிறுத்தாது.

டெஸ்ட் பண்ண ரெண்டு சிஸ்டத்துக்கு எங்க போறதுன்னு சிலர் கேட்பீங்க. தமிழ்நாடு அரசு 2011-ல இலவச லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சப்போ அதுல விண்டோஸும் இருந்துச்சு, பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. (நான் உங்களைக் கூப்பிடற பாஸ் வேற. இது சி-டாக் நிறுவனம் டெபியனை வெச்சுப் பண்ணின இந்திய லினக்ஸ்.) வாங்கின முக்கால்வாசிப் பேர் அந்த லினக்ஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலைன்னு என் சந்தேகம். அண்ணன், அக்கா வாங்கின லேப்டாப் வீட்டுல பரண்ல கிடந்தா இறக்குங்க. ஒரே பெட்டியில ரெண்டு ஊர்! உங்க கோடை ரெண்டுலயும் ஓட்டி, ரெண்டு விடையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

தம்பி ராத்திரியோட ராத்திரியா மாத்திட்டான். மறுநாள் நான் ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள போன். ரெண்டு சிஸ்டத்துலயும் 21520310.50. அண்ணாச்சிகிட்டயும் கணக்குப் பார்க்கறவர்கிட்டயும் தப்பு தன்னோடதுதான்னு சொல்லிட்டானாம். "அந்த அக்காகிட்ட?"ன்னு கேட்டேன். "அவங்ககிட்டதாண்ணா முதல்ல போய்ச் சொன்னேன். திட்டலை. தினமும் சாயங்காலம் பில் புக்கோட ஒப்பிட்டுப் பார்க்கற மாதிரி ஒரு பிரின்ட் குடுன்னு கேட்டாங்க. எழுதிக்கிட்டிருக்கேன்"னான்.

உங்களுக்கு இந்த வாரம் ஒரே வரி வேலை. ஒரு பிரின்ட்எஃப்ல பர்சன்ட் டி, இடைவெளி, பர்சன்ட் டி போடுங்க. முதல் மதிப்பு 5 எல் எல், அதாவது லாங் லாங் அஞ்சு. ரெண்டாவது சும்மா 7. இதை 32 பிட்டுக்கு ஒரு தடவை, 64 பிட்டுக்கு ஒரு தடவை கம்பைல் பண்ணி ஓட்டுங்க. ஒண்ணுல 5 0 வரும், ஒண்ணுல 5 7 வரும். எதுல எது, அந்த 7 எங்க மாட்டிக்கிச்சுன்னு பக்கத்து சீட்காரனுக்குக் கட்டம் போட்டு விளக்குங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!